பிரசவத்துக்குக் கிளம்பும்போது பையில் என்ன இருக்கணும்? முதலில் எடுத்துவைக்க வேண்டியது துணி இல்லை!

“வலி வந்தா பார்த்துக்கலாம்.” பிரசவத் தேதி நெருங்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. ஆனால், வலி நேரம் பார்த்து வருவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தேதி ஓர் உத்தேசக் கணக்குதான். சரியாக அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் மிகக் குறைவு.

சேலம் நகருக்குத் தெற்கே இருக்கும் பனமரத்துப்பட்டியை எடுத்துக்கொள்வோம். அரளிப் பூவுக்குப் பேர்போன ஊர். மொட்டுப் பறிக்க இருட்டோடு தோட்டத்துக்குக் கிளம்பும் வீடுகள் இங்கே உண்டு. அப்படி ஒரு வீட்டுக்கு, பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் மகள் தலைப்பிரசவத்துக்காக வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை 3 மணிக்குப் பனிக்குடம் உடைகிறது. அம்மாவும் அப்பாவும் தோட்டத்தில். கணவர் பெங்களூரில். ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் பெங்களூர் வீட்டு பீரோவில். பக்கத்தில் இருப்பது அம்மாயி மட்டும்தான்.

இந்த நேரத்தில் கைகொடுப்பது முன்கூட்டியே கட்டி வைத்த ஒரு பை. அதில் என்ன இருக்கணும், எது வேண்டாம், எப்போது ரெடி பண்ணணும்?

ஒரு பைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பிரசவத்தில் தாயின் உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் தாமதத்தால்தான். செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994-ல் இதை மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவமனைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் ஆகும் தாமதம் முதலாவது. போய்ச் சேர்வதில் ஆகும் தாமதம் இரண்டாவது. போன பிறகு சரியான சிகிச்சை கிடைப்பதில் ஆகும் தாமதம் மூன்றாவது. உலகம் முழுக்க மகப்பேறு மருத்துவத்தில் இன்றும் பேசப்படும் கணக்கு இது.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. “போகலாமா?” என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது, கிளம்பும்போது வீட்டில் வீணாகும் நேரமும், போன இடத்தில் “ரத்த வகை என்ன? கடைசி ஸ்கேன் எங்கே?” என்று தேடும் நேரமும். பையால் குறைக்க முடிவது இந்த இரண்டையும்தான்.

எப்போது கட்டி வைக்கணும்?

34-வது வாரத்தில் ஆரம்பித்து 36-வது வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால் அது குறைப்பிரசவம். அதற்கு எந்த முன்னறிவிப்பும் கிடையாது. இரட்டைக் குழந்தைகள், ரத்த அழுத்தம், முந்தைய குறைப்பிரசவம் என்று ஏதாவது இருந்தால் இன்னும் முன்னதாகவே தயாராகணும். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே பையையும் கட்டிவிட்டால் மறக்காது.

முதலில் ஃபைல், பிறகுதான் துணி

சோப்பு மறந்தால் ஆஸ்பத்திரி வாசலில் வாங்கிக்கொள்ளலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டை வாங்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவை இருக்கட்டும்:

• தாய் சேய் நல அட்டை. கர்நாடகத்தில் பதிவு செய்திருந்தால் அங்கே தந்த ‘தாயி கார்டு’.
• பிக்மி எண். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் 12 இலக்க எண் இது. பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள்.
• எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகளும், முக்கியமாகக் கடைசி ஸ்கேன்.
• ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ்-பி பரிசோதனை முடிவுகள்.
• சாப்பிட்டு வரும் மாத்திரைகளின் பட்டியல். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மேலே வையுங்கள்.
• கணவன், மனைவி ஆதார் நகல், தாயின் வங்கிக் கணக்குப் புத்தக நகல், இரண்டு போட்டோ.
• இன்ஷூரன்ஸ் இருந்தால் அதன் அட்டை, அலுவலகத்தில் தகவல் சொல்ல வேண்டியவரின் எண்.

ரத்த வகை நெகட்டிவ் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தாய்க்கு நெகட்டிவாகவும் குழந்தைக்கு பாசிட்டிவாகவும் இருந்தால், பிரசவம் முடிந்து 72 மணி நேரத்துக்குள் ‘ஆன்டி-டி’ ஊசி போடணும். அடுத்த குழந்தையைக் காப்பாற்றும் ஊசி இது. அவசரத்தில் யாரும் மறந்துவிடாமல் இருக்க, ஃபைலின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். அதே வகை ரத்தம் உள்ள உறவினர், நண்பர் இரண்டு பேரின் எண்ணும் பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கு அனுப்பிவையுங்கள். போனில் இருக்கிறதே என்று காகிதத்தை விட்டுவிட வேண்டாம். பிரசவ அறைக்குள் போகும்போது போன் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. சார்ஜும் தீர்ந்திருக்கலாம்.

பெங்களூரில் பார்த்துக்கொண்டு, பனமரத்துப்பட்டியில் பிரசவம் என்றால்?

இந்தத் தலைமுறையின் பெரிய சிக்கல் இதுதான். ஐந்தாறு மாதம் ஒரு ஊரில் செக்கப், கடைசி மாதம் தாய் வீடு. பெரும்பாலானோர் வந்ததும் சேலத்தில் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுகிறார்கள். ஆனால், உள்ளூர் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுப்பதில்லை. “நாம தனியார்லதானே பார்க்கிறோம், அவங்க எதுக்கு?” என்ற எண்ணம்தான் காரணம்.

தனியாரில் பிரசவம் என்றாலும் பிக்மி எண் வேண்டும். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது செவிலியரிடம் பதிந்து வாங்கலாம். பிக்மி இணையதளத்தில் கர்ப்பிணியே முன்பதிவு செய்யவும் வசதி உண்டு. வேறு மாநிலத்தில் ஏற்கெனவே ஆர்.சி.எச். எண் வாங்கியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். குழந்தை பிறந்த பிறகு இதற்காக அலைவதை விட, வளைகாப்பு அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போதே நர்ஸம்மா வீட்டுக்கும் ஒரு எட்டு போய்விட்டு வருவது சுலபம்.

இன்னொன்று: பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. குழந்தையின் பெயரை உடனே முடிவு செய்யணும் என்ற கட்டாயமும் இல்லை. பெயர் இல்லாமலே பதிந்து, ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஆனால், அப்பா அம்மா பெயரின் எழுத்துகளும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கணும். அதற்காகத்தான் ஆதார் நகல்.

ஒரே பெரிய பையா? மூன்று சின்னப் பையா?

அவசரத்தில் பெரிய சூட்கேஸைக் கிளறுவதைவிட மூன்றாகப் பிரிப்பது நல்லது. புதிதாக வாங்க வேண்டாம். கல்யாணத் தாம்பூலத்தில் வந்த மஞ்சப்பை எல்லா வீட்டிலும் இருக்கும். பையின் மேல் ஸ்கெட்சில் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். “ரெண்டாம் நம்பர் பையைக் கொடுங்க அம்மாயி” என்றால் யாராலும் எடுத்துத் தர முடியும்.

*பை 1: பிரசவ அறைக்கு*

• ஃபைல்
• முன்பக்கம் திறக்கும் ஒரு நைட்டி, ஒரு துண்டு
• பெரிய சைஸ் நாப்கின் ஒரு பாக்கெட்
• குழந்தையைத் துடைக்கவும் சுற்றவும் சுத்தமான பருத்தித் துணி நான்கு, ஒரு தொப்பி
• தண்ணீர் பாட்டில்

*பை 2: வார்டுக்கு*

• நைட்டி மூன்று, உள்ளாடைகள், பாலூட்ட வசதியான பிரா
• இன்னும் இரண்டு பாக்கெட் நாப்கின்
• பிரஷ், பேஸ்ட், சோப்பு, சீப்பு, வழுக்காத செருப்பு
• தட்டு, டம்ளர், பிளாஸ்க், ஒரு சின்ன வாளி, குவளை
• குழந்தைக்குத் துணிகள் பத்துப் பன்னிரண்டு, சாக்ஸ், கொசுவலை
• நீளமான வயர் உள்ள சார்ஜர்

*பை 3: துணைக்கு வருபவருக்கு*

• மாற்று உடை, பாய், போர்வை
• அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகள்
• கொஞ்சம் ரொக்கம், சில்லறை
• முக்கியமான போன் எண்கள் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்

மூன்றாவது பையைத்தான் பலரும் மறக்கிறார்கள். மகளோடு போகும் அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருக்கும். மூன்று நாள் மாத்திரை இல்லாமல் அவரும் படுத்துவிட்டால் யார் பார்ப்பது?

சுகப்பிரசவத்துக்குத் தானே, ஒரு செட் போதாதா?

போதாது. அதே தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். ஏறக்குறைய இரண்டில் ஒன்று. பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. எது நடந்தாலும் பை தயாராக இருக்கணும் என்பதற்காகத்தான்.

சிசேரியன் என்றால் தங்கும் நாட்கள் கூடும். அதனால் இன்னும் இரண்டு மூன்று செட் துணியை வீட்டில் தனியாக எடுத்து வைத்து, அது எங்கே இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். நாடா கட்டும் பாவாடை தையலில் உறுத்தும், நைட்டிதான் சௌகரியம். உள்ளாடையும் தையலுக்கு மேலே வரை ஏறும் தளர்வான வகையாக இருக்கட்டும்.

வளைகாப்பு வளையலைக் கழற்றலாமா?

கண்ணாடி வளையல் உடைந்தால் காயம்தான். கையில் டிரிப்ஸ் ஊசி போடவும் இடைஞ்சல். ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதாக இருந்தால் உலோக நகைகள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்றத் தயக்கம் இருந்தால் முன்கூட்டியே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். மெட்டி, மோதிரத்தை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். கடைசி மாதத்தில் கைகால் வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் இழுத்தால் வராது.

நகப்பூச்சும் வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி நகத்தின் வழியாகத்தான் அளக்கிறது.

“பிறக்கறதுக்கு முன்னாடி துணி வாங்கக்கூடாது கண்ணு”

குழந்தைக்குத் துணி எடுத்து வைக்கலாம் என்றால் அம்மாயி சொல்லும் முதல் வார்த்தை இதுவாகத்தான் இருக்கும். பிறந்த குழந்தைகள் பல தங்காமல் போன காலத்தில் வளர்ந்த பயம் இது. அவரோடு வாதம் பண்ண வேண்டியதில்லை. அவர் வழியிலேயே தீர்வு இருக்கிறது.

பழைய பருத்தி வேட்டியும் நூல் சேலையும் பச்சைக் குழந்தையின் தோலுக்கு மிகவும் இதமானவை. பலமுறை துவைத்ததால் மெத்தென்று இருக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். அவற்றைச் சதுரமாகக் கிழித்து, சுடுதண்ணீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, சுத்தமான கவரில் கட்டி வையுங்கள். அம்மாயிடமே இந்த வேலையை ஒப்படைத்துவிட்டால் இன்னும் நல்லது. புதுத்துணியைக் குழந்தை பிறந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதையும் துவைத்த பிறகுதான் போடணும்.

அரசு மருத்துவமனையில் பிரசவம் என்றால் குழந்தை நலப் பரிசுப் பெட்டகமும் கிடைக்கும். 2015-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 16 பொருட்கள் உண்டு. குழந்தைக்குத் துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்குக் குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும்.

பின்லாந்தில் 1938-லேயே இப்படி ஒரு பெட்டி கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே நான்காவது மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்கு முன்பே பெட்டி வந்துவிடும். நம் பெட்டகம் குழந்தை பிறந்த பிறகு கைக்கு வருவது. அதனால், முதல் சில மணி நேரத்துக்கான துணியை நாம்தான் கொண்டுபோகணும்.

பையில் இருக்கவே கூடாதவை

• *சேனை, தேன், சீனித்தண்ணீர், கழுதைப்பால்:* பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால்தான். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலே குழந்தைக்கு முதல் தடுப்பூசி மாதிரி. தேன் ஒரு வயது வரை கூடாது.
• *பால் பவுடர், பால் புட்டி:* மருத்துவர் சொன்னால் மட்டும்தான். இவற்றை விளம்பரப்படுத்துவதையே 1992-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.
• *பவுடர், கண் மை:* பவுடர் மூச்சுக்குழாயில் போகும். மை கண்ணில் தொற்றை உண்டாக்கலாம்.
• *தொப்புளில் வைக்க எண்ணெய், மஞ்சள், சாம்பல்:* எதுவும் வேண்டாம். சுத்தமாகவும் ஈரமில்லாமலும் இருந்தால் தானாகக் காய்ந்து விழுந்துவிடும்.

குழந்தையைக் குளிப்பாட்டவும் அவசரம் வேண்டாம். குறைந்தது 24 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உடல் சூடு குறையாமல் இருப்பதுதான் முக்கியம். வேட்டித் துணியும் தொப்பியும் அதற்குத்தான். அதைவிடவும் நல்லது தாயின் நெஞ்சுச் சூடு.

யார் கூடப் போகணும்?

பிரசவ வலியில் இருக்கும் பெண்ணோடு ஒரு துணை இருந்தால் வலியைத் தாங்குவது எளிதாகிறது, சிசேரியனுக்கான வாய்ப்பும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் பெண் துணைதான். தனியாரில் கணவரை விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அழுதுகொண்டே நிற்பவரைவிடத் தைரியம் சொல்பவர்தான் உள்ளே போகணும். அது அம்மாவாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், சின்னம்மாவாகவும் இருக்கலாம். முடிவு கர்ப்பிணியுடையது. அதையும் முன்பே பேசி வையுங்கள்.

எந்த அறிகுறிக்கு உடனே கிளம்பணும்?

• வலி சீராக, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால்
• பனிக்குடம் உடைந்தால். வலி இல்லாவிட்டாலும் கிளம்பணும். மணி என்ன, நீர் என்ன நிறம் என்று பாருங்கள். பச்சையாக இருந்தால் போனவுடன் அதைச் சொல்லணும்
• ரத்தப்போக்கு இருந்தால்
• குழந்தையின் அசைவு குறைந்தால்
• கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு

கடைசி மூன்றுக்கும் பையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். ஃபைல் கைக்குக் கிடைத்தால் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். மிச்சத்தைப் பிறகு யாராவது கொண்டுவரலாம்.

கூப்பிட வேண்டிய எண் 108. பிரசவம் முடிந்து அரசு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குத் திரும்ப 102 தாய் சேய் வாகனம். இரண்டும் இலவசம். மத்திய அரசின் 2011-ம் ஆண்டுத் திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எதற்கும் கட்டணம் கிடையாது. சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை தாய்க்குச் சாப்பாடும் உண்டு. தட்டு, டம்ளர் எடுத்துப் போகச் சொன்னது இதற்குத்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்த பிறகும், சிக்கல் தெரிந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அப்படி வண்டி மாறும்போது ஃபைலும் பை 1-ம் கர்ப்பிணியோடு அதே வண்டியில் ஏறணும். பின்னால் டூ-வீலரில் வருபவர் கையில் இருக்கக்கூடாது.

கடைசியாக, ஒரு ஒத்திகை

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று பையையும் வாசலுக்குப் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வையுங்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் 108-ஐ எப்படிக் கூப்பிடுவது, வீட்டுக்கு அடையாளமாக எந்தக் கோயில், எந்த பஸ் ஸ்டாப் என்று சொல்வது என ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் வண்டி வைத்திருப்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பிரசவத் தேதி நெருங்கும் வாரங்களில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தோட்டத்துக்குப் போகாமல், ஒருவராவது வீட்டில் இருப்பது என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். இதற்குப் பைசா செலவில்லை. விடியற்காலை 3 மணிக்கு அம்மாயி தனியாகத் தவிக்க வேண்டியும் இருக்காது.